மேஜைக்கு இருபுறமும் ஒருவரே

2002-ஆம் ஆண்டு ஜூன் மாதம் லியூ வாஸர்மன் காலமானபோது, ஹாலிவுட்டின் கடைசிச் சக்கரவர்த்தி போய்விட்டார் என்று பலரும் எழுதினார்கள். அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே அமெரிக்க ஜனாதிபதி அவரை அழைத்து, அந்த நாட்டில் ஒரு குடிமகனுக்குக் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய பதக்கத்தை அணிவித்து அனுப்பியிருந்தார். கிளீவ்லந்து நகரத்துத் தியேட்டர் ஒன்றில், இருட்டில் வருகிறவர்களுக்கு நாற்காலி காட்டும் பையனாகத் தொடங்கிய வாழ்க்கை. படிப்பு ஹைஸ்கூலோடு சரி. ஏழைப் பையன் பெரிய மனிதனான கதை என்றால் நமக்கு உடனே நெஞ்சு இளகிவிடும். அதுவும் ஸினிமா உலகத்தில் நடந்ததென்றால் கேட்கவே வேண்டாம். நெஞ்சு இளகிய பிறகு கணக்குக் கேட்க யாருக்கும் மனம் வருவதில்லை. எனக்கு வருகிறது.

அவர் பணக்காரரானதில் எனக்கு ஆட்சேபமில்லை. அவர் செய்ததை 'மேதாவிலாசம்' என்று சொல்கிறார்களே, அதில்தான் ஆட்சேபம். நடிகர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் ஏஜெண்டாக இருந்து, அந்த ஏஜெண்டு வேலையை விடாமலே டெலிவிஷன் படங்களுக்கு முதலாளியாகவும் ஆனார். தமக்காகப் பேசும்படி கலைஞர்கள் யாரை அமர்த்தினார்களோ, அவரே மேஜைக்கு அந்தப் பக்கம் போய் அமர்ந்துகொண்டார். இந்தப் பக்கத்து நாற்காலியையும் காலி செய்யவில்லை. இதைக் கெட்டிக்காரத்தனம் என்றால் ஒப்புக்கொள்வேன். மேதாவிலாசம் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஏஜெண்டு என்பவர் யார்? நம் ஊரில் நெல்லுக்குத் தரகர் உண்டு, மாட்டுக்குத் தரகர் உண்டு, கல்யாணத்துக்கும் தரகர் உண்டு. இவர்களில் பலர் இரண்டு பக்கமும் கூலி வாங்குகிறவர்கள். அது எல்லோருக்கும் தெரிந்தே நடப்பதால் யாரும் ஏமாறுவதில்லை. ஹாலிவுட் ஏஜெண்டு அப்படிப்பட்டவர் அல்லர். அவர் வக்கீல் ஜாதி. ஒரு பக்கத்துக்கு மட்டும் பேச வேண்டியவர். நடிகனுக்கு 100 டாலர் வந்தால் அவருக்கு 10 டாலர். நடிகனுக்கு அதிகம் வந்தால் அவருக்கும் அதிகம், குறைந்தால் அவருக்கும் குறைவு. இந்த ஒரு கணக்குத்தான் அந்த உறவுக்கு ஆதாரம். நட்பு, பாசம், குடும்பம்போலப் பழகுவது என்பதெல்லாம் மேல்பூச்சு. கணக்கு நேராக இருக்கும்வரை மேல்பூச்சு உதிர்ந்தாலும் பாதகமில்லை.

எம்.சி.ஏ. என்ற கம்பெனியை 1924-இல் சிகாகோவில் தொடங்கியவர் ஜூல்ஸ் ஸ்டீன் என்ற கண் வைத்தியர். வாத்திய கோஷ்டிகளுக்குக் கச்சேரி பிடித்துக் கொடுப்பது அதன் தொழில். வாஸர்மன் 1936-இல் விளம்பர வேலைக்கு அங்கே சேர்ந்தார். பத்தே ஆண்டில், 33 வயதில், அதன் தலைவரானார். கறுப்பு ஸூட், வெள்ளைச் சட்டை, கறுத்த டை. தம்மிடம் வேலை பார்த்தவர்கள் அத்தனை பேருக்கும் அதே உடுப்பை விதித்தார். பொய்ச் சிரிப்பும் பூப்போட்ட சட்டையுமாகத் திரிந்த பழைய ஏஜெண்டுகளுக்கு நடுவே இவர்கள் பாங்கு உத்தியோகஸ்தர்களைப் போலக் காட்சியளித்தார்கள். சாவு வீட்டுக்கு வந்தவர்களைப் போல என்று நான் சொன்னால் கோபிப்பீர்கள்.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1950-இல் 'வின்செஸ்டர் 73' என்ற படத்துக்கு ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டை யூனிவர்ஸல் கம்பெனி கேட்டது. அவருடைய முழுச் சம்பளத்தைக் கொடுக்கக் கம்பெனியிடம் வசதி இல்லை. சம்பளம் வேண்டாம், லாபத்தில் பாதி கொடு என்று பேசி முடித்தார் வாஸர்மன். படம் ஓடியது, ஸ்டூவர்ட் பெரும் பணக்காரரானார். ஸ்டூடியோக்கள் நடிகனை மாதச் சம்பளத்துக் குமாஸ்தாவாக வைத்திருந்த முறைக்கு அது பெரிய அடி. ஏஜெண்டு என்றால் இப்படி இருக்க வேண்டும். அந்த ஆண்டோடு அவர் சரித்திரம் முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி இருந்திருக்கும்.

அப்போது வந்தது டெலிவிஷன். பெரிய ஸ்டூடியோ முதலாளிகள் அதைத் தீண்டத் தகாத பண்டமாக நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நியூயார்க்கில் நாடகங்களை அன்றன்றைக்கு நடித்து அப்படியே ஒளிபரப்பினார்கள். ஒருமுறை நடந்தால் காற்றோடு போயிற்று. படச் சுருளில் எடுத்து வைத்தால் மறுபடி மறுபடி விற்கலாமே என்று வாஸர்மன் கண்டுகொண்டார். கண்டதில் தவறே இல்லை. எம்.சி.ஏ.வுக்கு ரெவ்யூ என்று ஒரு கிளைக் கம்பெனி இருந்தது. அதன் பெயரால் டெலிவிஷன் படம் எடுக்கலாம் என்று முடிவு செய்தார். குறுக்கே நின்றது ஒரு விதி. நடிகர் சங்கத்தின் விதி அது: நடிகருக்கு ஏஜெண்டாக இருப்பவர், சங்கத்தின் அனுமதியில்லாமல் தயாரிப்பாளராக இருக்கக் கூடாது. ஏன் அந்த விதி என்று பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். வாதிக்கும் பிரதிவாதிக்கும் ஒரே வக்கீல் என்றால் எந்தக் கோர்ட்டு ஒப்புக்கொள்ளும்?

நடிகர் சங்கம் ஒப்புக்கொண்டது. 1952-ஆம் ஆண்டு ஜூலை மாதம், எம்.சி.ஏ.வுக்கு மட்டும் அந்த விதியிலிருந்து மொத்தமாக விலக்கு அளித்துவிட்டது. ஒரு படத்துக்கு, இரண்டு படத்துக்கு என்று இல்லை. எத்தனை டெலிவிஷன் படம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மற்ற ஏஜெண்டுகளுக்கு இவ்வளவு தாராளமான விலக்குக் கிடைக்கவில்லை. அன்றைக்குச் சங்கத்தின் தலைவர் ரொனால்ட் ரீகன். அவருடைய ஏஜெண்டு எம்.சி.ஏ.

பின்னாளில் ஜனாதிபதியான அதே ரீகன்தான். அப்போது அவருடைய ஸினிமா மார்க்கெட் சரிந்துகொண்டிருந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1954-இல், 'ஜெனரல் எலெக்ட்ரிக் தியேட்டர்' என்ற வாராந்தர டெலிவிஷன் தொடரை அறிமுகம் செய்து பேசும் உத்தியோகம் அவருக்குக் கிடைத்தது. தயாரிப்பு, ரெவ்யூ. அந்த உத்தியோகம் 1962 வரையில் நீடித்தது. அந்த 1962-இல் விசாரணை நடந்தபோது, ஃபெடரல் கிராண்ட் ஜூரியின் முன் ரீகன் சாட்சி சொன்னார். பல கேள்விகளுக்கு நினைவில்லை என்பதே பதிலாக இருந்தது. அவர் மேல் வழக்கு எதுவும் போடப்படவில்லை. ஆகவே லஞ்சம் என்ற சொல்லை நான் பிரயோகிக்கவில்லை. பிரயோகிக்க அவசியமும் இல்லை. லஞ்சம் வாங்கினால்தான் அநியாயம் நடக்கும் என்று நினைப்பவர்கள் உலகம் தெரியாதவர்கள். தலைவரின் ஏஜெண்டு ஒரு சலுகை கேட்கிறார். தலைவருக்கு அது நியாயமாகவே படுகிறது. அவ்வளவுதான். எல்லோரும் யோக்கியர்களாகவே இருந்துகொண்டு இதைச் செய்து முடிக்கலாம்.

சங்கத்தார் சொன்ன சமாதானம் இது: நடிகர்களுக்கு வேலை இல்லை, டெலிவிஷன் தொழில் நியூயார்க்கில் வேர் பிடித்துக்கொண்டிருக்கிறது, ரெவ்யூ ஹாலிவுட்டில் படம் எடுத்தால் ஆயிரம் பேருக்குச் சோறு கிடைக்கும், மறு ஒளிபரப்புக்கும் பணம் தர அவர்கள் இசைந்திருக்கிறார்கள். இது வெறும் சாக்கு அல்ல. மறு ஒளிபரப்புக்குப் பணம் என்பது நடிகனுக்கு உண்மையில் பெரிய லாபம். வேலையும் வந்தது. ஆனால் நான் கேட்கிறேன்: வேலை வர வேண்டுமானால் ஏஜெண்டு வேலையை விட்டுவிட்டுப் படம் எடு என்று சொல்லியிருக்கலாமே? இரண்டில் ஒன்று என்று சொல்லச் சங்கத்துக்கு ஏன் நா எழவில்லை? பத்து ஆண்டு கழித்து சர்க்கார் அதைத்தான் சொல்லிற்று.

இரண்டு நாற்காலியும் ஒருவருக்கே என்றால் என்ன ஆகும் என்பதைப் பாருங்கள். ஒரு சாதாரண நடிகை, எம்.சி.ஏ. அவளுடைய ஏஜெண்டு. ரெவ்யூ அவளை ஒரு படத்துக்குக் கேட்கிறது. அவளுக்காகக் கூலி பேசுகிறவரும் கூலி கொடுக்கிறவரும் ஒரே முதலாளியின் சம்பளக்காரர்கள். அவளுக்கு 100 டாலர் கூட்டிக் கொடுத்தால் கமிஷனாக 10 டாலர் வரும்; தயாரிப்புக் கணக்கில் 100 டாலர் போகும். இந்தக் கணக்குப் போடத் தெரியாதவர்களா கறுப்பு ஸூட்டுக்காரர்கள்? அதற்கு மேலே, 'மூட்டை' வியாபாரம் என்று ஒன்று. நிகழ்ச்சியின் நட்சத்திரம், எழுத்தாளர், டைரக்டர் எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்து, முழு நிகழ்ச்சியின் விலையிலேயே கமிஷன் எடுப்பது. பெரிய நட்சத்திரம் வேண்டுமா? அதே மூட்டையில் இருக்கும் சின்ன நட்சத்திரத்தையும் எடுத்துக்கொள். 1957-இல் என்.பி.சி. கம்பெனியார் வாரத்தின் அட்டவணையில் காலியாக இருந்த இடங்களைக் காட்டி, நீங்களே நிரப்பிக் கொடுங்கள் என்று எம்.சி.ஏ. ஆட்களிடம் சொன்னதாக ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, அந்தக் காலத்து நிலவரம் அதுதான். ஊரார் அந்தக் கம்பெனிக்கு வைத்த பெயர் ஆக்டோபஸ்.

பெரிய மனிதர்களும் இந்தக் கரங்களுக்குள் சுகமாகவே இருந்தார்கள். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ஏஜெண்டும் எம்.சி.ஏ.தான். 1955-இல் தொடங்கிய அவருடைய டெலிவிஷன் தொடர் தயாரானது ரெவ்யூவில்; 1960-இல் வெளிவந்த 'ஸைக்கோ' படத்தை அவர் அந்த டெலிவிஷன் ஆட்களை வைத்தே எடுத்தார். எடுத்த இடம் யூனிவர்ஸல் ஸ்டூடியோ. 300 ஏக்கருக்கு மேற்பட்ட அந்த நிலத்தை அதற்குள் எம்.சி.ஏ. வாங்கிவிட்டிருந்தது; யூனிவர்ஸல் கம்பெனி தன் பழைய வீட்டிலேயே வாடகைக்குக் குடியிருந்தது. பிறகு 'ஸைக்கோ'வின் உரிமையையும் டெலிவிஷன் தொடரின் உரிமையையும் ஹிட்ச்காக் எம்.சி.ஏ.வுக்கே கொடுத்து, பதிலுக்கு அந்தக் கம்பெனியின் பங்குகளை வாங்கிக்கொண்டார். அதன் பெரிய பங்குதாரர்களில் மூன்றாமவர் ஆனார். அவருக்கு நஷ்டமில்லை. வாஸர்மனைப் புகழ்கிறவர்கள் எப்போதும் ஹிட்ச்காக்கையும் ஸ்டூவர்ட்டையும்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். பங்கு வாங்க முடியாத நடிகை சாட்சிக்கு வருவதில்லை. அவள் பெயர் படத்தின் கடைசியில் ஓடும் எழுத்துக்களில் எங்கேயோ இருக்கிறது.

1962-ஆம் ஆண்டு ராபர்ட் கென்னடி அட்டர்னி ஜெனரலாக இருந்தபோது, ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ் சர்க்கார் எம்.சி.ஏ. மேல் வழக்குத் தொடுத்தது. யூனிவர்ஸலின் முதலாளியான டெக்கா கம்பெனியை எம்.சி.ஏ. விலைக்கு வாங்கிய வேளை அது. ஏஜெண்டா, தயாரிப்பாளரா, இரண்டில் ஒன்று. இந்த இடத்தில் வாசகர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். 38 ஆண்டுகளாக அந்தக் கம்பெனி கலைஞர்களின் காவலன் என்று சொல்லித்தான் வளர்ந்தது. அது எத்தனை நாள் யோசித்தது? சில நாட்களில் ஏஜெண்டு வேலையை இழுத்து மூடியாயிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நடிகர்கள், எழுத்தாளர்கள், டைரக்டர்கள் தங்களுக்கு ஏஜெண்டு இல்லை என்பதை ஒரு ஜூலை மாதத்தில் தெரிந்துகொண்டார்கள். மனிதர்களை வைத்துக்கொள்வதா, படங்களை வைத்துக்கொள்வதா என்று கேட்டபோது படங்களே போதும் என்று சொல்லிவிட்டார்கள். படங்களுக்கு வயதாவதில்லை; அவை கூலி உயர்வு கேட்பதும் இல்லை. 1948-க்கு முன் பாரமவுண்ட் எடுத்த ஏறக்குறைய 700 படங்களை 1958-லேயே எம்.சி.ஏ. வாங்கி டெலிவிஷனுக்கு விற்றுக்கொண்டிருந்தது. அவற்றில் நடித்தவர்களுக்கு அந்த விற்பனையில் பங்கு கிடையாது. முதலாளியான பிறகு வந்த ருசி அது.

எல்லா ஏஜெண்டும் இப்படித்தானா என்று கேட்பீர்கள். டேவிட் ஸஸ்கைண்ட் என்று ஒருவர். அவரும் எம்.சி.ஏ.வில் வேலை பார்த்தவர்தான்; பிறகு டெலிவிஷன் தயாரிப்பாளரானவர். அவருடைய கம்பெனியின் பெயரே 'டாலண்ட் அஸோஸியேட்ஸ்'. வாயாடி, விளம்பரப் பிரியர், கடன்காரர். அவரைப் பிடிக்காதவர்கள் ஏராளம். ஆனால் 1963-இல் 'ஈஸ்ட் ஸைட் வெஸ்ட் ஸைட்' என்று நியூயார்க் ஏழைகளைப் பற்றி ஒரு தொடர் எடுத்தார். நீக்ரோ நடிகை ஸிஸிலி டைஸனுக்கு அதில் ஒரு உத்தியோகஸ்தப் பெண்ணின் வேஷம். தெற்கே சில நிலையங்கள் ஒளிபரப்ப மறுத்தன. ஒரே ஆண்டில் தொடர் நின்றது. வியாபாரத்தில் தோல்வி. வாஸர்மன் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்.

ஸஸ்கைண்டையும் நான் கோயில் கட்டிக் கும்பிடவில்லை. 1950-களில், கம்யூனிஸ்டு என்ற சந்தேகத்துக்காகக் கலைஞர்களை ஒதுக்கி வைத்த கறுப்புப் பட்டியல் காலத்தில், ஒவ்வொரு நடிகரின் பெயரையும் விளம்பரக் கம்பெனிக்கு அனுப்பி அனுமதி வாங்கியவர்தான் அவரும். வித்தியாசம் என்னவென்றால், 1962-இல் ஜான் ஹென்றி ஃபாக் தொடுத்த மானநஷ்ட வழக்கில் கூண்டில் ஏறி அதைச் சொன்னார். ஒரே தொடருக்காகத் தாம் அனுப்பிய பெயர்கள் சுமார் 5,000. அவற்றில் மூன்றில் ஒரு பங்கு ஏற்கப்படவில்லை. ஏற்கப்படாதவர்களில் ஏறக்குறைய எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் உண்டு, அவள் தகப்பனார் சந்தேகத்துக்கு ஆளானவர் என்பதற்காக. தொழிலில் இருந்துகொண்டே, தம்மைப் பிழைக்க வைக்கும் விளம்பரக்காரர்களுக்கு எதிராக இதைச் சொல்ல முதுகெலும்பு வேண்டும். கலைஞனுக்காகப் பேசுவது என்று நான் சொல்வது இந்த மாதிரிக் காரியத்தை.

பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். சட்டம் ஏஜெண்டின் வாசலை அடைத்தது. 'மானேஜர்' என்ற ஜன்னல் திறந்தது. கலிபோர்னியாவில் ஏஜெண்டுக்கு லைசென்ஸ் வேண்டும், மானேஜருக்கு வேண்டாம். அவர் தயாரிப்பாளராகவும் இருக்கலாம். நகைச்சுவை நடிகர் கேரி ஷாண்ட்லிங்கின் மானேஜர் பிராட் கிரே. ஷாண்ட்லிங் எழுதி நடித்த 'லாரி ஸாண்டர்ஸ் ஷோ' 1992 முதல் 1998 வரை நடந்தது. மானேஜரே அதற்கு நிர்வாகத் தயாரிப்பாளர். 1998-இல் ஷாண்ட்லிங் 100 மில்லியன் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். என் பெயரையும் என் நிகழ்ச்சியையும் மூலதனமாக்கித் தன் கம்பெனியை வளர்த்துக்கொண்டார் என்பது புகார். கிரே மறுத்தார், அடுத்த ஆண்டு விசாரணைக்கு வராமல் சமரசமாகப் போயிற்று. கிரே பிறகு பாரமவுண்ட் ஸ்டூடியோவுக்கே தலைவரானார். வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதி அல்லன். ஆனால் அப்படி ஒரு வழக்குக்கு இடம் வைத்த ஏற்பாட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நீதிபதி எதற்கு?

மூட்டை வியாபாரமோ ஓயவே இல்லை. நிகழ்ச்சிக்கு ஒளிபரப்புக் கம்பெனி கொடுக்கும் விலையில் முதலில் நூற்றுக்கு 3. பிறகு லாபம் வந்தால் கொடுப்பதாக இன்னொரு 3. கடைசி லாபத்தில் 10. இது வழக்கமான விகிதம். கலைஞனிடம் கமிஷன் வாங்காமல் விட்டுவிடுவார்கள். அதையே தயாள குணமாகச் சொல்லிக்கொள்வார்கள். எழுத்தாளனின் கூலி உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் ஏஜெண்டுக்கு ஒன்றே. அந்த நேர்க் கணக்கு அறுந்துபோயிற்று. போதாக்குறைக்கு, பெரிய ஏஜெண்டுக் கம்பெனிகள் மறுபடியும் தயாரிப்புக் கம்பெனிகளைத் தொடங்கின. வாஸர்மன் விட்ட இடத்திலிருந்து பேரப் பிள்ளைகள் ஆரம்பித்தார்கள்.

2019-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், அமெரிக்காவில் ஸினிமாவுக்கும் டெலிவிஷனுக்கும் எழுதுகிறவர்கள், 7,000 பேருக்கு மேல், தங்கள் ஏஜெண்டுகளை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். எழுத்தாளர்கள்! ஒரு பத்திரிகைக் காரியாலயத்தில் பாக்கிப் பணத்தை வாய்விட்டுக் கேட்கக் கூசுகிற ஜாதி. முதலில் ஓட்டெடுத்தார்கள், நூற்றுக்கு 95 பேர் ஒரே பக்கம். பெரிய ஏஜெண்டுக் கம்பெனிகள் நான்கின் மேல் வழக்கும் போட்டார்கள். நாங்கள் இல்லாவிட்டால் உங்களுக்கு யார் வேலை வாங்கிக் கொடுப்பார்கள் என்று மறுபக்கம் பயமுறுத்தியது. ஒருவருக்கொருவர் சொல்லியும் சிபாரிசு செய்தும் அவர்கள் வேலை தேடிக்கொண்டார்கள். 2020-இல் ஒவ்வொரு கம்பெனியாக இறங்கி வந்தது; நான்கில் கடைசிக் கம்பெனி கையெழுத்துப் போட்டது 2021 பிப்ரவரியில். மூட்டைக் கமிஷன் 2022 ஜூன் மாதத்தோடு நிற்க வேண்டும் என்று முடிவாயிற்று.

இதைச் செய்ய நடிகர் சங்கத்துக்கு 1952-இல் முடியாமல் போனது ஏன் என்று கேட்டால், தலைவரின் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்வது சுலபம். ரீகன் ஒருவரா ஓட்டுப் போட்டார்? ஒரு நிர்வாக சபையே உட்கார்ந்து செய்த காரியம். அத்தனை பேருக்கும் வேலை வேண்டியிருந்தது. வேலை கொடுக்கப்போகிறவர் எதிரே கறுப்பு ஸூட்டில் நின்றார். பயந்தவன் கையெழுத்துப் போடுவான். பயத்தை வைத்துக் கையெழுத்து வாங்கியவரை மேதை என்று எழுதாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

2021-இன் ஒப்பந்தத்தில் இன்னொரு ஷரத்தும் உண்டு. ஏஜெண்டுக் கம்பெனி ஒரு தயாரிப்புக் கம்பெனியில் நூற்றுக்கு 20-க்கு மேல் பங்கு வைத்துக்கொள்ளக் கூடாது. அதன்படி எண்டெவர் தன் தயாரிப்புக் கம்பெனியில் 80 பங்கைக் கொரியா தேசத்துக் கம்பெனி ஒன்றுக்கு விற்றது. மற்றொரு ஏஜெண்டுக் கம்பெனியான ஸி.ஏ.ஏ. பங்கு வைத்திருந்த தயாரிப்புக் கம்பெனியின் பெரும்பகுதியும் வேறொரு கொரியக் கம்பெனிக்குப் போயிற்று. மீதி 20 வைத்துக்கொள்ளலாமாம். வக்கீல் எதிர்க்கட்சிக்காரனிடம் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் சம்பளம் வாங்கிக்கொள்ளலாம் என்கிற மாதிரி. அந்தக் கூட்டத்தில் நான் இருந்திருந்தால், அந்த 20 எதற்கு என்றுதான் முதலில் எழுந்து கேட்டிருப்பேன்.